வாய்தா நாள் சவரம்

மூன்றாவது வாய்தாவும் தள்ளிப்போன மத்தியானம்
ஐகோர்ட் வாசலைத் தாண்டி
ஈவ்னிங் பஜார் சந்தில் நுழைந்தேன்.
கௌஸ் பாய் கண்ணாடி மேசைமேல்
இரண்டு ரேசரை எடுத்து வைத்தார்.
"இது சாது. இது முரடு.
எது வேணும் சார்?"

மேலுக்கு இரண்டும் ஒன்றுதான்.
அதே பித்தளை, அதே நிக்கல் பூச்சு.
பிளேடைப் போட்டு
வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிகிறது:
சாதுவில் விளிம்பு பாதி ஒளிந்திருக்கிறது,
கட்டிலுக்கடியில் பூனை மாதிரி.
முரடில் இடைவெளி அகலம்.
மடித்த பஸ் டிக்கெட் நுழையும்.

என் தோல் எனக்குத் தெரியும்.
சட்டைக் காலர் உரசுமிடத்தில்
ஏப்ரல் தொடங்கினால் சிவந்தே கிடக்கும்.
சாதுவை வாங்கினேன்.

காலடிப்பேட்டை மாடியறையில்
போர் தண்ணீரில் நுரை நிற்காது.
சோப்பு மோராக இறங்கி
மணிக்கட்டில் வழியும்.
அதனால் கேன் தண்ணீரில் கால் தம்ளர் சுடவைத்து
பிரஷ்ஷை நனைப்பேன்.
குடிக்கிற தண்ணீரில் முகம் மழிக்கிறவன்
உருப்படமாட்டான் என்பது
கீழ்வீட்டு செல்வநாயகியின் கருத்து.

சாது நல்லவன்தான்.
வெட்டவில்லை. ரத்தமில்லை.
எதையும் முடிப்பதுமில்லை.
மயிர் போகும் போக்கில் ஒரு தரம்,
குறுக்கே ஒரு தரம்,
எதிர்த்து ஒரு தரம்,
அப்புறமும் விரலுக்கு உப்புத்தாள்.
இன்னொரு தரம், கொஞ்சம் அழுத்தி.
பாரிமுனை பஸ்ஸில் வியர்வை இறங்கும்போது
கழுத்தைச் சுற்றித் தீ.
கண்ணாடியில் ஒன்றும் தெரியாது.
படிகாரக் கல் மட்டும்
எரிந்து காட்டிக்கொடுக்கும்
எங்கெங்கே திரும்பத் திரும்பப் போனேன் என்று.

பெர்னதெத் ஒருமுறை சொன்னாள்,
கேஸ் சிலிண்டர் பதிவு செய்யாத விஷயமாக இருக்கலாம்:
"நீ கத்தவே மாட்டே.
ஒரே கேள்விய மெதுவா நாலு தரம் கேப்பே.
ஒரு தரம் கத்திட்டுப் போயேன், ரொசாரி."
அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.
பதினோரு வருஷத்தில் ஒரு தட்டு உடைத்ததில்லை என்று
வக்கீலிடம்கூடச் சொன்னேன்.
அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

திரும்பப் போய் முரடையும் வாங்கினேன்.
கௌஸ் பாய் சிரிக்கவில்லை.
"கை வெயிட்ட அதுமேல போடாதீங்க.
அதோட வெயிட்டே போதும்."

முதல் நாள் மேலுதட்டில் கிழித்தது.
தினத்தாள் துணுக்கை ஒட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன்,
யாரோ ஒருவரின் கண்ணீர் அஞ்சலியில் பாதி.
இரண்டாம் நாள் காதுக்குக் கீழே.
மூன்றாம் நாள் பயந்து
கைப்பிடியின் நுனியைப் பிடித்தேன்,
ஊதுவத்தி பிடிப்பதுபோல்.
காய்ந்த தோசையைக் கல்லிலிருந்து சுரண்டும் சத்தம்.
ஒரு தரம். மோவாயில் மட்டும் இன்னொரு தரம்.
அவ்வளவுதான்.
படிகாரம் குளிர்ந்தது, சும்மா குளிர்ந்தது.

இன்று நான்காவது வாய்தா.
மழை. மாடிப்படியின் கடைசிப் படி
தண்ணீருக்குள் போய்விட்டது.
தம்ளரில் இரண்டும் தலைகீழாக நிற்கின்றன.
நாலு நாள் தாடிக்கு, கணக்குப்படி, முரடு.
நடுங்குகிற கைக்கு, கணக்குப்படி, சாது.
இந்த இரண்டும் ஒரே காலையில் வந்தால்
என்ன செய்வதென்று
கௌஸ் பாயிடம் கேட்டிருக்க வேண்டும்.

சாதுவை எடுத்தேன்.
ஒரே தரம் இழுத்தேன், அழுத்தாமல்.
மிச்சத்தை மிச்சமாகவே விட்டுக் கழுவினேன்.
அவ்வளவு கஷ்டமாக இருந்தது அது.

கோர்ட் வராந்தாவில் எதிர் பெஞ்சில் பெர்னதெத்.
குடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.
என்னைப் பார்த்தாள்.
பிறகு தன் காதுமடலைத் தொட்டுக் காட்டினாள்:
அங்கே இன்னும் நுரை.
சட்டைக் கையால் துடைத்தேன்.
இன்னொரு பக்கமும் என்று சைகை செய்தாள்.
துடைத்தேன்.

டவாலி வந்து
எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டான்,
என் பேரைத் தப்பாக.